உள்ளானின் கால் வளையம்

கோடியக்கரைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து சிவகாசி வட்டாரத்துத் தாயில்பட்டி ஆசிரியை ஒருவரை ஒரு கேள்வி விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. கேட்டவன் அவருடைய மாணவன். பறவையின் காலில் வளையம் மாட்டுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன், "டீச்சர், இது நம்ம ஆலைக்கு வர்ற அலுமினியமா?" என்றான்.

வளையம் மாட்டியவர், "அலுமினியந்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு நோட்டில் எண்ணைக் குறிக்கப் போய்விட்டார். ஆசிரியை பேசவில்லை.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்துக்கிடக்கும் சில வாரங்களில்தான் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓய்வு. வடகிழக்குப் பருவமழையும் வலசைப் பறவைகளும் கோடியக்கரைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய அதே நேரத்தில். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் அந்த முனையில், உப்பளங்களை ஒட்டி, விடியுமுன் வலையில் சிக்கியிருந்தது ஒரு கொசு உள்ளான். இருபது, முப்பது கிராம் இருக்கும். சைபீரியாவின் வடகோடியில் பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வரும் பறவை. அதன் குச்சிக் காலில் ஏறிய வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற ஆங்கில வாசகமும் இருந்தன.

அலுமினியம் என்றதும் அந்தப் பையனுக்குப் பாத்திரமோ கம்பியோ நினைவுக்கு வராது. அவன் அப்பா பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பவர். பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பவுடர் என்று அவன் பாடப் புத்தகத்துக்கு முன்பே வீட்டில் கேட்டு வளர்ந்தவன். பொடியாக இருந்தால் வெள்ளை ஒளியோடு எரிகிறது. தகடாக வளைத்தால் ஓர் உயிரின் காலில் பல வருடம் கிடக்கிறது. அதிலும் நெடுநாள் வாழும் கடற்பறவைகளுக்கு அது போதாது. உப்பு நீரில் தேய்ந்து எண் அழிந்துவிடும் என்பதால் ஆலா போன்றவற்றுக்கு எஃகிலோ கடினமான கலப்பு உலோகத்திலோ வளையம் போடுவது பல நாடுகளில் வழக்கம். இதையெல்லாம் பையனுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது வேதியியல் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஆசிரியையின் அம்மாவும் ஆலைக்குப் போனவர்தான். மணி மருந்தைக் காயவைக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கை வரை வெள்ளி பூசியிருக்கும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தாலும் நகக்கண்ணில் மிச்சம் நிற்கும். அந்தக் கையால் பிசைந்து ஊட்டிய சோற்றில்தான் இவர் படித்து ஆசிரியையானார். அக்கம்பக்கத்தில் ஆலையிலிருந்து திரும்பாதவர்களும் உண்டு. சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த வெடி விபத்துக்குப் பிறகு பல நாள் வகுப்பில் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அந்த வெள்ளியை அவரால் வெறுக்க முடிந்ததில்லை. அதை மறக்கவும் முடிந்ததில்லை.

வளையத்தில் கண்ட கழகத்தின் பெயரால், சிறு வயதில் ஏதோ பழைய இதழில் பறவையியலாளர் சாலிம் அலியைப் பற்றி ஆசிரியை படித்தது அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. பையனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் பாடம் செய்த பறவைகள் நிறைந்த அலமாரிகளைத் திறந்து காட்டினார். அந்த வயதில் ஆசிரியையின் மனதில் நின்றது அலமாரி இல்லை, மஞ்சள் திட்டு. சுட்டு வீழ்த்திய பிறகுதானே அதைப் பார்த்தார் என்ற நெருடல் இன்னமும் போகவில்லை.

அந்த வளையத்தின் கதையும் நேர்கோடாக இல்லை. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்குப் புதுக் காய்ச்சல் வந்தது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். வைரஸைச் சைபீரியாவிலிருந்து வலசைப் பறவைகள் உண்ணி வழியாகக் கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் உலக சுகாதார நிறுவனம் பணம் தந்தது. 1959-ல் சாலிம் அலி தலைமையில் பறவைகளுக்கு வளையமிடும் பெரிய திட்டம் அப்படித்தான் தொடங்கியது. பறவை மேல் உள்ள பிரியத்துக்கு யாரும் அவ்வளவு பணம் கொடுத்திருக்க மாட்டார்கள், பயத்துக்குக் கொடுத்தார்கள்.

பிடிப்பதற்கும் வேட்டைக்காரர்களே வந்தார்கள். பீகாரில் மிர்ஷிகார் என்ற சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்துப் பிழைத்தது. அதைச் சேர்ந்த அலி ஹுசைன் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முகாம்களில் நீண்ட காலம் வேலை பார்த்தார். இறகு உதிராமல் பறவையைப் பிடித்துக் கொடுப்பதில் அவருக்கு இணையில்லை என்பார்கள். பிழைப்பின் கைத்திறன் அப்படியே இருக்க, பயன் மட்டும் மாறியது. ஆசிரியைக்கு இந்த இடம் ஆறுதலாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. அலி ஹுசைன் போன்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிவகாசி வட்டாரத்தில் மருந்தையும் திரியையும் நம்பி இருப்பவர்கள் லட்சக்கணக்கானோர். அந்தக் கைகளுக்கெல்லாம் வேறு என்ன வேலை காத்திருக்கிறது?

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, தீபாவளியன்று இரவு 2 மணி நேரம் மட்டும் வெடிக்கலாம் என்றது. தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிக் கோடியக்காட்டை முறித்துப் போட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் அந்தக் கார்த்திகையில் வேலையற்ற தாயில்பட்டியையும் மரமிழந்த கோடியக்கரையையும் ஆசிரியையின் மனம் சேர்த்தே நினைக்கிறது.

வெடிச்சத்தம் பறவையை என்ன செய்யும் என்பது ஊகம் இல்லை. நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவு வாணவேடிக்கை தொடங்கிய சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இருட்டில் எழும்பி, சுமார் 500 மீட்டர் உயரம் வரை போனதை வானிலை ரேடார் பதிவு செய்தது. 2011-ல் ஆய்வாக வெளியானது அது. இரவுத் தூக்கத்தை விட்டு அப்படி எழும் பறவை சேமித்த கொழுப்பைச் செலவழிக்கிறது. கொசு உள்ளானுக்கோ அந்தக் கொழுப்புதான் திரும்பிப் போக வேண்டிய பல ஆயிரம் கிலோமீட்டர்.

நம் பக்கத்திலேயே இதைத் தெரிந்துகொண்ட ஊர் உண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி. 1977-ல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் அங்கேதான். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூடு கட்டுவதால், ஊரார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை இனிப்புக் கொடுக்கிறது. பிள்ளைகள் வெடி இல்லாமலே வளர்கிறார்கள். படிக்கிறபோதெல்லாம் ஆசிரியைக்குக் கண் கலங்கும் செய்தி இது. எல்லா ஊரும் இப்படியானால் என்ற அடுத்த நினைப்பு வந்ததும் அந்தப் பையனின் அப்பா கண்முன் நிற்கிறார்.

அவன் கேட்டதில் பெருமை இருந்ததா, குற்ற உணர்வா, வெறும் ஆர்வமா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. சில நாள் பெருமை என்று படுகிறது: தன் அப்பா கையாளும் பொருள் ஒன்று வடதுருவத்துக்குப் பக்கம் வரை போகிறதே என்ற மகிழ்ச்சி. சில நாள் வேறு மாதிரி. அவனிடமே கேட்டுவிடலாம்தான். கேட்டால், இல்லாத பாரத்தை அவன் தலையில் ஏற்றியதாகிவிடுமோ என்ற தயக்கம்.

வருகிற மழைக்காலத்தில் மாணவர்களைக் கொள்ளுக்குடிப்பட்டிக்குக் கூட்டிப்போகலாமா என்று யோசித்து வருகிறார். அவனும் வருவான். கண்மாய்க்கரையில் யாராவது, "நாங்க வெடி போடுறதில்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்போது அவன் என்ன கேட்பான் என்று ஓரளவு தெரிகிறது. தான் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. போகலாம் என்றே இப்போதைக்கு முடிவு. அவன் அப்பாவையும் அழைக்க வேண்டும் என்று நினைக்கிறார். அவர் வருவாரா, வந்தால் அந்த ஊராரோடு என்ன பேசுவார் என்று இப்போது சொல்ல முடியாது.