கட்டுதல் என்னும் குற்றம்



உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உரைத்தருளினார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் கட்டுதல் முதலில் நிற்றலை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். வண்டி மாடும் கூண்டுக் கிளியுமே இதற்கு இலக்கு என எண்ணியிருந்தோம். நம் இல்லத்துப் பிள்ளைகள் மருந்தியல் பயின்று ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் இந்நாளில், அங்குள்ள சுண்டெலியும் இச்சூத்திரத்துள் அடங்கும்.

சுண்டெலி ஐம்பொறியும் உடைய உயிர். ஓய்ந்திருக்கும் வேளையில் அதன் உடலுக்கு ஏற்ற வெம்மை ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ். ஆய்வுக்கூட அறைகளோ பெரும்பாலும் 20 முதல் 24 பாகையில் வைக்கப்படுகின்றன. அங்கியணிந்து உழைக்கும் மனிதர்க்கு அதுவே இதம். வெறுங்கூண்டில் உள்ள எலி குளிரைத் தாங்கியே வாழ்கிறது. சிறிது தாள் இட்டால் அதனைப் பல்லால் கிழித்து, வளைத்து, கிண்ணம் போன்ற கூடமைத்து உள்ளே ஒடுங்குகிறது. பிறந்தது முதல் கூண்டையன்றி வேறொன்றும் காணாத எலியும் இதனைச் செய்கிறது, யார் கற்பித்தார்? பதுங்க ஒரு குழாய், கறிக்க ஒரு மரத்துண்டு, உடனுறைய இனத்துணை. இவையும் கிடைப்பின் அதன் சிறை சற்றே தளரும்.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், துணையும் விளையாட்டுப் பொருள்களும் பெற்று வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி, தனிமையில் வெறுங்கூண்டில் வளர்ந்தவற்றினும் எடை மிக்கிருந்ததை ஆய்வாளர் கண்டனர். அதனை அறிய அவ்வெலிகளைக் கொன்றே மூளையை நிறுத்தனர் என்பதை மறைத்துப் பேசுதல் நமக்குத் தகாது.

கொலை நிகழுமிடத்தில் கூட்டைச் செப்பனிடுதல் எதற்கு என்று சாவகர் ஒருவர் வினவக்கூடும். வினா நேரியதே. கூடு அமைத்துக் கொடுத்தமையால் கொலைவினை நீங்கும் என்று நாம் கூறத் துணியோம். 1959இல் ரசல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர், விலங்கின்றி ஆய்தல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என மூன்று நெறி வகுத்தபோது விலங்கை விலக்குதலையே முதலில் வைத்தனர். நம் நாட்டமும் அதுவே. ஆயினும் இன்றிரவு நடுங்கும் உயிரை அந்நாள் வரும்வரை பொறுத்திரு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் பெருமுயற்சியால் 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் வழிவந்த விதிகளின்படி ஆய்வு நிறுவனந்தோறும் அமையும் விலங்கு நெறிக் குழுவில், அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுடைய ஒருவர்க்கும் இடம் உண்டு. அவ்விருக்கையில் நம்மவர் அமர வாய்க்குமாயின் கேட்க வேண்டியவை சில. இவ்வாய்வை விலங்கின்றிச் செய்ய வழியில்லையா? கூண்டின் அடித்தளம் கம்பியா, திண்ணிய தளமா? தாள் இட்டீரா? தனித்து அடைக்கப்பட்டவை எத்தனை, எக்காரணத்தால்?