மரணசாதனமும் தருமமும்

தாம் இறந்தபின் தம்பொருள் அறத்திற்குச் சேர்க என எழுதிவைத்தல் ஈகையாகுமா, ஆகாதா? இவ்வினா சிறிதன்று. உயிருள்ளவரை ஒரு காசும் நெகிழவிடாது பற்றியிருந்து, கொண்டுபோதல் இயலாதென்றறிந்த பின்னர்க் கொடுப்பது கொடையன்று, கைவிடுதலே என்பர் ஒரு சாரார். மக்களுக்குரியதை அயலார்க்கு ஈவது அறமெனும் பெயரால் நிகழும் அநீதி என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் யாம் ஆராய்வாம்.

வற்றாப்பளைக் கண்ணகையம்மன் சந்நிதியிலே வைகாசிப் பொங்கற் காலத்தில் கடல்நீரால் விளக்கெரிதலை யாவரும் அறிவர். அஃது அம்மையின் அருள். ஆண்டின் ஏனைய நாட்களில் ஆலயங்களிலே எரியும் விளக்குக்கோ எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்கு ஒருவருடைய முன்யோசனை வேண்டும். சோழர் காலத்தார் இதனை நன்குணர்ந்தனர். ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டு, நாடோறும் உழக்கு நெய் அளக்கும் கடமையை இடையரிடத்து வைத்தனர். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் எனக் கல்வெட்டுக்கள் கூறும். ஆடுகள் சாவாதனவல்ல, இறந்தவற்றின் தொகையைக் குட்டிகள் நிரப்ப, தொண்ணூற்றாறு எனும் எண் குறையாது நிற்கும். கொடுத்தவன் மறைந்தும் கொடை மறையாமைக்கு இதனினும் சிறந்த உவமை யாம் கண்டிலேம்.

இனி, முதலாவது தடைக்கு விடை கூறுவாம். இன்று கொடுக்கக்கூடியதை நாளைக்கென ஒத்திவைப்பவனைப் பொறுத்தவரை அத்தடை உண்மையே. ஆனால், ஓய்வூதியத்தாற் சீவிக்கும் ஓர் ஆசிரியர் தாம் குடியிருக்கும் வீட்டை இன்றே ஈந்தால் முதுமையில் பிறர் வாயிலில் நிற்க நேரும். அவர்க்கு இயலுங் கொடை, தமக்குத் தேவையற்றுப்போங் காலத்துக் கொடையே. ஆதலின் குறிப்பையே நோக்குக: பற்றினாற் பிந்துவது உலோபம், தேவையாற் பிந்துவது விவேகம்.

இரண்டாவது தடைக்கு வருவாம். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒருவன் தன் பொருளைத் தான் விரும்பியவாறு மரணசாதனத்தால் விட இடந்தருகின்றது. சட்டம் இடந்தருவதெல்லாம் தருமமாகாது. முதலிற் கடன் தீர்த்தல். அடுத்து மனைவி, மணமாகாத மகள், தொழிலற்ற மகன் ஆகியோர்க்கு வழிவகுத்தல். அதன் பின்னரே பொதுவறம். எனினும், தம் காலில் நிற்கும் மக்களுக்கு முழுவதையும் விடுதல் கடமையன்று. எம்மைக் கற்பித்தது ஒரு மிசன் பாடசாலை. 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணிசெய்த அமெரிக்க மிசனுக்குப் பொருளளித்தோர் பலர் இந்நாட்டைக் கண்ணாற் கண்டிலர். அவர் சமயம் எமக்குடன்பாடன்று; அவர் முறைமை எமக்குப் பாடமாகும்.

நல்லெண்ணம் மாத்திரம் போதாது. காஞ்சிபுரத்திற் பிறந்த பச்சையப்ப முதலியார் 1794இல் தம் பெருஞ்செல்வத்தை அறத்துக்கு எழுதிவைத்து இறந்தார். பரிபாலித்தவர்களிடையே எழுந்த வழக்குகளில் அப்பொருள் நெடுங்காலம் சிக்கிற்று. அவர் பெயரால் சென்னையிற் பாடசாலை தோன்றியது 1842இலேயாம். பெஞ்சமின் பிராங்கிளின் 1790இல் பாஸ்டன், பிலடெல்பியா எனும் நகரங்களுக்கு ஆயிரம் பவுண் வீதம் விட்டு, இருநூறாண்டு இளந்தொழிலாளர்க்குக் கடனாக வழங்கி வளர்க்கப் பணித்தார். காலப்போக்கில் பயிற்சித் தொழிலாளர் முறைமையே அருகிற்று. ஆதலின் நோக்கத்தைத் தெளிவாகவும், வழியை நெகிழ்ச்சியாகவும் எழுதுதல் நன்று.

எம் பிழை ஒன்றையும் இங்கே ஒளியாது சொல்லுதும். அயலூர் முதியவர் ஒருவர், தம் வயலில் இரண்டு ஏக்கரை வறிய பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு விடுவதாக எம்மிடம் மும்முறை கூறினார். "வாத்தியார், நொத்தாரிசிடம் என்னைக் கூட்டிப்போங்கோ" என்றார். பரீட்சை முடியட்டும் என்றேம். மாரி தொடங்கு முன்னர் அவர் இறந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மக்கள் வயலைப் பங்கிட்டனர். அவர்மேற் குற்றமில்லை, எழுத்து ஒன்றும் அவர்க்குக் காட்டப்படவில்லை. அவ்வயலைக் கடந்து செல்லுந்தோறும் எம் தலை குனிகின்றது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாதனம் நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும், அன்றேல் நொத்தாரிசின்றி ஐந்து சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்படல் வேண்டும். இதற்கு அரைநாட் போதும். 2009இல் நந்திக்கடலோரத்தில் உயிரோடு மாத்திரம் தப்பிய எம்மக்களுள் உறுதிகளை இழந்தோர் பலர். நொத்தாரிசு எழுதிய உறுதியாயின் அதன் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். வீட்டுப்பெட்டியில் மட்டும் கிடப்பதற்கு அப்பாதுகாப்பில்லை. பரிபாலகர் ஒருவராகாது மூவராக, அவருள் ஒருவர் இளையராக இருத்தலும், ஆண்டுதோறும் கணக்கு ஊரறிய வாசிக்கப்படுதலும் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, எம்மிடம் பெருநிதியில்லை. பாக்குத்தெண்டலில் வீடுதோறும் பெறுவது சிறிதே. அம்மையின் பொங்கல் அதனாற் சிறுமையுறுவதில்லை. நூறு புத்தகமாயினும், ஒரு பரப்புக் காணியாயினும் இவ்வாண்டிலேயே எழுதிவைப்போம். கொடுக்க வருவோரை நாளை வாவென்று சொல்லாதிருப்போம். அந்நாளை எம் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை.