வென்றதைத் தானம் செய்யலாமா?

ஒரு பொருளைத் தானம் செய்ய வேண்டுமானால் அது முதலில் கொடுப்பவனுடையதாக இருக்க வேண்டும். அயலானின் பசுவைப் பிடித்து வந்து ஆலயத்திற்குக் கொடுப்பவனை யாரும் வள்ளல் என்று சொல்வதில்லை. அப்படியானால், வாளால் வென்ற நாட்டை ஓர் அரசன் இறைவனுக்கு அளித்தால் அதற்கு என்ன பெயர்? திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையைக் கடந்து ஸ்ரீபத்மநாபசுவாமி ஆலயத்தை நோக்கி நடக்கும் பக்தர்களில் பெரும்பாலோர் மனத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. ஆனால் அது எழ வேண்டிய கேள்வியே. 1750-ஆம் ஆண்டு அந்த ஆலயத்தில் நடந்த ஒரு சமர்ப்பணத்தின் உள்ளே அது இன்றும் இருக்கிறது.

போரில் வென்றவன் தோற்றவனுடைய ஊரை என்ன செய்கிறான்? பெரும்பாலும் அவன் அதைத் தன் உடைமை என்று எண்ணுகிறான். பலர் சேர்ந்து வென்றால் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதற்கு அண்மைக் காலச் சான்றுகள் பெர்லினும் வியன்னாவும் ஆகும். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் அந்த இரு தலைநகரங்களையும் தத்தம் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டன. பெர்லினில் நால்வருக்கும் பொதுவான ஆட்சி மன்றம் ஒன்று இருந்தது. 1948-இல் சோவியத் தரப்பு அதிலிருந்து விலகியது. அவ்வாண்டு ஜூன் மாதம் மேற்குப் பகுதிகளுக்குச் செல்லும் தரைவழிகள் அடைக்கப்பட்டன. 1949 மே வரை அங்கு வாழ்ந்த மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில்தான் வந்து சேர்ந்தன. 1961 ஆகஸ்ட் 13 அன்று சுவர் எழத் தொடங்கியது. அடுத்த தெருவில் இருந்த அண்ணனைக் காணத் தம்பிக்கு அயல்நாட்டு அனுமதி தேவைப்பட்ட அந்த நிலை 1989 நவம்பர் 9 வரை நீடித்தது.

வியன்னாவின் கதை சற்று மாறுபட்டது. அங்கும் நான்கு பங்குகள் இருந்தன. ஆனால் நகரின் இதயமான முதல் வட்டத்தை யாரும் தனியே எடுத்துக்கொள்ளவில்லை. மாதத்திற்கு ஒருவர் என முறைவைத்து நால்வரும் அதைப் பொதுவில் நிர்வகித்தனர். நான்கு நாட்டுச் சிப்பாய்கள் ஒரே வண்டியில் அமர்ந்து ரோந்து சென்றார்கள். வெளியே பகைமை முற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் அந்த வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் எண்ணெய் வயல்களையும் பல ஆலைகளையும் ஜெர்மானியச் சொத்து என்று கூறிச் சோவியத் தரப்பு தன் கையில் வைத்திருந்தது. விடுதலை தர வந்ததாகச் சொன்னவர்கள் பத்து ஆண்டுகள் போகவில்லை. 1955 மே 15 அன்றுதான் பெல்வெடேர் அரண்மனையில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; அவ்வாண்டு அக்டோபருக்குள் அந்நியப் படைகள் அனைத்தும் வெளியேறின.

அந்த வெளியேற்றத்தில் பாரதத்திற்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1953-இல் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் குரூபர் சுவிட்சர்லாந்தில் நேருவைச் சந்தித்து, தம் நாட்டிற்காக மாஸ்கோவிடம் பேசுமாறு வேண்டினார். அங்கே இந்தியத் தூதராக இருந்த கே.பி.எஸ். மேனன் அதைச் சோவியத் அமைச்சர் மோலோடோவிடம் எடுத்துரைத்தார். உடனே பலன் கிட்டவில்லை. எனினும் எந்த அணியிலும் சேராத நாடாக ஆஸ்திரியா இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது முன்வைக்கப்பட்டது, பின்னர் அதுவே வழியாயிற்று. மேனன் திருவிதாங்கூரின் கோட்டயத்தில் பிறந்தவர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அதே திருவிதாங்கூரில், வென்ற நாட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு வேறொரு விடை தரப்பட்டிருந்தது.

1729-இல் மார்த்தாண்ட வர்மர் அரியணை ஏறியபோது வேணாடு ஒரு சிறிய, பிளவுபட்ட நாடு. திருவனந்தபுரத்து ஆலயத்தின் நிர்வாகம் எட்டரை யோகம் என்ற சபையிடம் இருந்தது. எட்டு உறுப்பினருக்கு எட்டு வாக்கு, அரசருக்கு அரை வாக்கு. நாட்டின் தலைவருக்கு அவருடைய குலதெய்வத்தின் சந்நிதியில் அரை வாக்கு என்பது கேட்கச் சுவையாக இருக்கலாம். நடைமுறையில் அது எவ்வளவு கசப்பானது என்பதை 1686-ஆம் ஆண்டின் தீ காட்டிற்று. அத்தீயில் ஆலயம் பெரும்பாலும் அழிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அது முறையாகப் புதுப்பிக்கப்படாமலே கிடந்தது. அரசரும் சபையும், நிலங்களின் மீது ஆதிக்கம் செலுத்திய எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் ஒருவரையொருவர் நம்பாத காலம் அது. உரிமை கொண்டாடப் பலர் இருந்தும் எரிந்த கூரையை வேய ஒருவரும் முன்வராத நிலை, பங்கிடப்பட்ட எல்லா ஊர்களுக்கும் பொதுவானதே.

மார்த்தாண்ட வர்மர் இந்தப் பிளவை முடித்த விதம் மென்மையானது அன்று. சதி செய்ததாகக் கூறிப் பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் கடலோர மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். பின்னர் வடக்கே ஒவ்வொரு நாடாக விழுந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றனர். 1746-இல் காயங்குளமும் அம்பலப்புழையும், அதன்பின் சங்கனாச்சேரியை உள்ளடக்கிய தெக்கும்கூரும் அவர் கைக்கு வந்தன. இதே ஆண்டுகளில்தான் ஆலயமும் புதுப்பிக்கப்பட்டது. பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட சாளக்கிராமங்களைக் கொண்டு அனந்தசயன மூர்த்தி அமைக்கப்பட்டது.

1750 ஜனவரியில் மன்னர் தம் குடும்பத்தாருடன் ஆலயம் சென்று, தாம் ஆண்டதும் வென்றதுமான நாடு முழுவதையும் ஓலையில் எழுதி ஸ்ரீபத்மநாபருக்கு அர்ப்பணித்தார். உடைவாளைச் சந்நிதியில் வைத்து, இறைவனின் பணியாளாக அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அன்று முதல் அவரும் அவர் வழிவந்தோரும் பத்மநாபதாசர் எனப்பட்டனர். திருப்படித்தானம் என்று இந்நிகழ்ச்சி வழங்கப்படுகிறது.

இங்குதான் முதலில் எழுப்பிய கேள்வி கூர்மை பெறுகிறது. காயங்குளம் அவருடையதா? அம்பலப்புழை அவருடையதா? தன்னுடையது அல்லாததை அவர் எவ்வாறு கொடுக்கலாம்? வேறு சிலர் இன்னும் கடுமையாகக் கேட்கின்றனர். நாடு இறைவனுடையது என்று ஆகிவிட்ட பிறகு, தோற்ற நாட்டவன் அரசனை எதிர்த்தால் அது இராஜத் துரோகமாக மட்டும் நிற்காமல் தெய்வத் துரோகமாகவும் ஆகிவிடும். அரசியல் நோக்கில் இதைவிடச் சிறந்த அரண் ஏது? தானத்திற்குப் பிறகும் போர்கள் நின்றுவிடவில்லை என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். பக்தியின் பெயரால் இவ்வாதத்தை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. வாதத்தின் பெரும்பகுதி உண்மை.

ஆயினும் அது முழு உண்மை ஆகாது. தானம் என்ற சொல்லைக்கொண்டு மட்டும் இதை அளப்பதால்தான் இந்தச் சிக்கல். பரதனின் செயலை நினைத்துப் பார்க்கலாம். அயோத்தி அவன் கைக்கு வந்தது தாயின் சூழ்ச்சியால். அவன் அதை இராமனுக்குத் 'தானம்' செய்யவில்லை. தனது அல்லாததைத் தனது என்று கொள்ள மறுத்தான். பாதுகையை அரியணையில் வைத்து, தான் நந்திகிராமத்தில் இருந்தபடி அடைக்கலப் பொருளாக நாட்டைக் காத்தான். பரதன் குற்றமற்றவன், மார்த்தாண்ட வர்மர் அத்தகையவர் அல்லர். அந்த வேறுபாடு பெரிது. ஆனால் முறையற்ற வழியில் கைக்கு வந்ததை ஒருவன் இனி என்ன செய்யலாம் என்ற இடத்தில் இருவரும் அருகருகே நிற்கின்றனர். உரியவனிடம் திருப்பித் தருவதே முதல் தருமம். அதைச் செய்யும் துணிவு மன்னருக்கு இருக்கவில்லை. அடுத்த நிலை, அதன் மேல் உள்ள 'எனது' என்ற உரிமையையாவது விடுவது. அவர் செய்தது அதை. சிந்திய இரத்தத்தை அது கழுவிவிடவில்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது போலும். போர்களின் பாவம் நீங்க வேண்டியே பத்ரதீபம், முறைஜபம் ஆகியவற்றை அவர் தொடங்கினார் என்று சொல்வதுண்டு. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாட்கள் வேதம் ஓதி இலட்சதீபத்தோடு முடியும் முறைஜபம் ஆலயத்தில் தொடர்ந்து வந்திருக்கிறது.

அடைக்கலப் பொருளைக் காப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. உரியவன் கேட்கும்போது கணக்குச் சொல்ல வேண்டும். நாடு பத்மநாபருடையது என்றால் அந்நாட்டு மக்கள் அனைவரும் அவருடைய மக்கள். இந்தக் கணக்கில் திருவிதாங்கூர் நீண்ட காலம் தவறியது. தன் நாட்டின் உண்மையான அரசர் என்று சொல்லப்பட்டவரைக் காண, அந்நாட்டு மக்களில் மிகப் பலருக்கு அனுமதி இல்லை. உழைத்து வரி கொடுத்தவர்கள் கோபுர வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். வியன்னாவில் அந்நியர் பத்தாண்டு நீட்டித்ததைக் குறை சொல்லும் நாவு இதையும் சொல்ல வேண்டும்: திருப்படித்தானத்திலிருந்து ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை 186 ஆண்டுகள் ஆயின. 1936 நவம்பர் 12 அன்று ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா அதில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் திருவனந்தபுரம் வந்து, எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அந்த ஆலயத்தினுள் சென்று வழிபட்டார். பிரகடனத்திற்குப் பின்னால் நாராயண குரு போன்றோரின் பணியும், வைக்கம் முதலிய இடங்களில் மக்கள் பட்ட துன்பமும் இருந்தன. அரசரின் கருணையால் மட்டும் வாயில் திறந்தது என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் பத்மநாபதாசன் என்ற பெயரைத் தாங்கிய ஒருவருக்கு, அவருடைய அடியவர்களை வெளியே நிறுத்துவதற்கு இனி ஒரு நியாயமும் மிஞ்சியிருக்கவில்லை.

அதே மகாராஜாவிடம் அந்தப் பழைய ஓலை இன்னொரு முறையும் பேசியது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின; அவர் இராஜப்பிரமுகர் ஆனார். தாம் பத்மநாபருக்கே கட்டுப்பட்டவர் என்பதால் வேறு எதற்கும் வழக்கமான பதவிப் பிரமாணம் எடுக்க இயலாது என்றார். இணைப்புப் பணியை நடத்திய வி.பி. மேனன் அதை ஏற்று மாற்று வழி கண்டார். அரசுரிமையைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்த வாதத்தை மகாராஜா பயன்படுத்தவில்லை என்பது கருதத்தக்கது. சமஸ்தானம் போயிற்று, அடிமைப்பணி நின்றது.

1956 நவம்பர் 1 அன்று நாடே இரண்டாகப் பிரிந்தது. மார்த்தாண்ட வர்மர் இருந்து ஆண்ட பத்மநாபபுரம் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் சேர்ந்தது. அதன் அரண்மனையோ கேரள அரசின் பொறுப்பில் நின்றது. ஒரு மாநிலத்தின் மண்ணில் மற்றொரு மாநிலம் காக்கும் அந்தப் பழைய தலைநகரிலிருந்து நவராத்திரிதோறும் ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. அரண்மனையில் உடைவாள் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னூற்றுநங்கையும் களியக்காவிளையில் எல்லையைக் கடக்கின்றனர். இரு மாநிலத்துக் காவலர்களும் மரியாதை செலுத்துகின்றனர். கோட்டையை அடைந்ததும் சரஸ்வதி நவராத்திரி மண்டபத்திலும், முருகன் ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குகின்றனர். பூஜை முடிந்ததும் மூவரும் வந்த வழியே திரும்பிச் செல்கின்றனர்.