பற்று யார் பெயரில்?

மலிவான வேளையில் வாங்கி, கிராக்கியான வேளையில் விற்பது வணிகம், அதில் குற்றமில்லை. கருநாடகத்தின் ஷராவதி ஆற்றில் 2,000 மெகாவாட் அளவில் திட்டமிட்டுள்ள மின்நிலையமும் அவ்வகையே. மின்தேவை குறைந்த நேரத்தில் கெருசொப்பா நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலேயுள்ள தலகளலே நீர்த்தேக்கத்திற்கு ஏற்றுவர். தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் எடுப்பர். ஏற்றச் செலவான மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு திரும்பாது. அந்தச் சேதாரம் கணக்கில் ஏறிவிடும். வழியிலுள்ள சிங்கவால் குரங்குகளின் சரணாலயம் எந்தப் பேரேட்டில் ஏறும்?

பேராக் மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. பேராக் ஆற்றில் 1930-ல் எழுந்த செண்டரோ அணை ஈயலம்பங்களுக்கு மின்சாரம் தந்தது. 1970-களில் தெமெங்கோர் அணைக்காக ஓராங் அஸ்லி மக்களின் காடு மூழ்கியது. அவர்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். ஈப்போவில் நம் கடைகளில் விளக்கு எரிந்தது. வரவு நமக்கு, பற்று அவர்கள் பெயரில்.

மின்சாரம் வேண்டாமென்பது வாதமன்று. வெயிலும் காற்றும் தரும் மின்சாரத்தைச் சேமிக்க வழி வேண்டியதுதான். ஆயின், இழப்பவரைக் கேளாமல் முடித்த பேரம் நேர்மையான பேரமாகாது. ஆறு நம் கைமுதலன்று, அமானத்து. அமானத்தில் கைவைத்து ஈட்டியதை லாபமென்று எழுத நம் பேனா துணியுமா?