பற்றும் பொறுப்பும்: போதை குறித்த ஒரு சைவ சித்தாந்த நோக்கு

போதைக்கு அடிமையான இளைஞன் தன் செயலுக்குப் பொறுப்பாளியா, நோயாளியா என்னும் வினா, மலேசியாவின் தெலுக் இந்தானைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டப்புறங்களில் வாழும் தமிழருக்குப் புதியதன்று. மலாயாவின் தோட்டங்களில் கள்ளுக்கடை தொழிலாளர் வாழ்வின் அங்கமாகவே வைக்கப்பட்டிருந்தது. அதனை மூட வேண்டும் என்பது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்ததால், தீங்கை அவர்களே உணர்ந்திருந்தனர் என்பது தெளிவாகிறது.

இன்று கள்ளின் இடத்தை ஷாபு எனப்படும் மெத்தாம்பெட்டமைன் பிடித்துவருகிறது. இது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளை மிகையாகச் சுரக்கச் செய்து, நாளடைவில் தன்னடக்கத்தைக் குலைப்பதால், முதலில் விருப்பமாகத் தொடங்கியது பின்னர்க் கட்டாயமாகிவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தை அடிப்படையாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிர் சார்ந்ததன் வண்ணமாகும், அதாவது எதனோடு சேர்கிறதோ அதன் இயல்பைப் பெறும், என்கிறது; போதையைச் சார்ந்த உயிரின் நிலையும் இதுவே. உயிரைப் பிணிக்கும் தளையாகிய பாசத்தால் மறைக்கப்படினும் உயிரின் அறியும் தன்மை அழிவதில்லையாதலின், அடிமையுற்றவனைப் பாவியென ஒதுக்குவதும் பொறுப்பற்றவனென விடுவிப்பதும் பிழையாகும். அந்நூலின் இறுதிச் சூத்திரம் அடியார் கூட்டுறவை வலியுறுத்துவதும் உயிர் சார்ந்ததன் இயல்பைப் பெறுவதாலேயே. ஆகவே, மருத்துவச் சிகிச்சையோடு, மீண்டு வருபவனுக்கு நல்ல கூட்டுறவை அளிப்பது கோயில்களுக்கும் குடும்பங்களுக்கும் உரிய சமயக் கடமையாகும்.