நின்ற வண்டியின் வேகம் எங்கே போனது

மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 1,300 கிலோ எடையுள்ள ஹாட்ச்பேக் கார் ஒன்று பிரேக் பிடித்து நிற்கிறது. சில வினாடிகளுக்கு முன்பு அதில் இருந்த இயக்கம் அழிந்துவிட்டதா, அல்லது வேறெங்காவது போய்விட்டதா? அன்றாடம் காண்கிற காரியம் என்பதால் இதில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் உள்ளது இல்லாமல் போகுமா என்ற தத்துவக் கேள்வியும், படைத்தவன் உலகை ஒருமுறை இயக்கிவிட்டால் போதுமா, அவ்வப்போது அதைச் சரிசெய்ய வேண்டுமா என்ற சமயக் கேள்வியும் இங்கே ஒன்றாகக் கலக்கின்றன. 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த அறிவாளிகள் இதன் பொருட்டு எதிரெதிரே நின்றார்கள்.

உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று ரெனே டேக்கார்ட் 1644இல் எழுதினார். அவர் சொன்ன காரணம் சோதனையிலிருந்து வந்ததல்ல. கடவுள் மாறாதவர், ஆகவே அவர் படைப்பின்போது தந்த அளவும் மாறாது என்பதே. அந்த அளவைப் பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கிக் கணக்கிட்டார். 1686இல் லைப்னிட்ஸ் இதை மறுத்தார். மாறாமல் காக்கப்படுவது ஒன்று உண்டு, ஆனால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அவர் வாதம். நியூட்டன் இருவரோடும் சேரவில்லை. மோதலாலும் உராய்வாலும் இயக்கம் உலகில் தேய்ந்துகொண்டே வருகிறது, அதைப் புதுப்பிக்கும் ஆற்றல்கள் வேண்டும் என்று ‘ஒளியியல்’ நூலின் பின்னிணைப்பு வினாக்களில் எழுதினார்.

இந்த வேறுபாடு 1715–16இல் கடிதப் போராக வெடித்தது. நியூட்டனின் கடவுள் தன் கடிகாரத்துக்கு அடிக்கடி சாவி கொடுக்க வேண்டிய கைத்திறனற்ற தொழிலாளி ஆகிவிடுகிறார் என்று லைப்னிட்ஸ் குற்றம் சாட்டினார். நியூட்டனுக்காக வாதாடிய சாமுவேல் கிளார்க், கடவுளின் கை படாமல் தானே ஓடும் உலகம் என்பது கடவுளையே உலகிலிருந்து வெளியேற்றிவிடும் என்று பதில் எழுதினார். மீண்டெழாத இரண்டு மென்மையான பொருள்கள் மோதினால் இரண்டும் நின்றுவிடுகின்றனவே, அந்த இயக்கம் எங்கே என்றும் கேட்டார். பிரேக் பிடித்து நின்ற வண்டியைப் பற்றிய கேள்வியும் இதுவேதான். இயக்கம் அழியவில்லை, பொருளின் நுண்பகுதிகளுக்குள் சிதறிப்போயிருக்கிறது. பெரிய பணத்தைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது போல என்றார் லைப்னிட்ஸ். சான்று எதுவும் கையில் இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட அந்த விடை வியக்கத்தக்க துணிவுடையது.

இந்திய மரபும் இதே இடத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. திண்ணிய பொருளோடு மோதும்போது வேகம் என்னும் பண்பு அழிந்துபோகிறது என்பது வைசேடிகத்தின் கருத்து. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்ற சற்காரியவாதம். அது பொருளின் தோற்ற ஒடுக்கத்தைப் பற்றிய கொள்கை. அளந்து பார்க்கும் இயக்கத்தைப் பற்றியது அல்ல. அதை இயற்பியல் விதியாக வாசிப்பது இரண்டுக்குமே நியாயம் செய்யாது.

வழக்கைத் தீர்த்தது வெப்பம். மியூனிக்கில் பீரங்கிக் குழல் குடையும்போது உராயும் வரையில் வெப்பம் ஓயாமல் வருவதை ரம்ஃபோர்டு 1798இல் அறிவித்தார். 1840களில் ஜேம்ஸ் ஜூல், கீழிறங்கும் எடையால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் ஒத்துவந்தது. லைப்னிட்ஸ் சொன்ன நுண்பகுதிகளின் இயக்கம்தான் வெப்பம் என்று பின்னர் தெளிவாயிற்று.

அந்த ஹாட்ச்பேக்கில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 160இல் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 13 லட்சம் ஜூல். 80இல் ஓடும்போது பாதி அல்ல, கால்பங்கு. டேக்கார்ட்டின் அளவுகோலே வெப்பத்தையும் நிர்ணயித்திருந்தால் வேகம் இரட்டிக்கும்போது பிரேக் டிஸ்க்கின் சூடும் இரட்டித்திருக்கும். உண்மையில் நான்கு மடங்காகிறது. திசையையும் சேர்த்துக்கொண்டால் டேக்கார்ட்டின் அளவும் காக்கப்படுவதுதான், ஆனால் அது டயர் வழியே பூமிக்குப் போய்விடுகிறது, பிரேக்கைச் சூடாக்குவதில்லை. பந்தயத் தடத்தின் வளைவுக்கு முன் 160இலிருந்து 60க்கு வேகத்தைக் குறைத்தால் சுமார் 11 லட்சம் ஜூல் வெப்பமாகிறது. எஞ்சினும் எடையும் முன்பக்கம் இருப்பதால் அதில் 70 விழுக்காடு முன்சக்கர பிரேக்குகளுக்கே போகிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு முன்சக்கரத்தின் 7 கிலோ இரும்பு டிஸ்க்கும் ஒரே பிடியில் ஏறக்குறைய 120 டிகிரி சூடேறும். அடுத்த வளைவு வருவதற்குள் அது ஆறாவிட்டால் அதன் மேல் இன்னொரு 120.

வெப்பம் டிஸ்க்கோடு நிற்பதில்லை. டிஸ்க்கை அழுத்தும் பேட் வழியாக, அந்த பேட்டைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டனுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறுகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இயக்கம் அழியாது என்ற கொள்கையை ஓட்டுபவர் காலடியில் உணரும் இடம் அது.

கம்பெனி பொருத்தியதற்கு மேல் வாங்கிப் போடும் பாகங்களை இந்தக் கேள்வியோடு பார்க்கும்போது ஓர் உண்மை தெரியவருகிறது: அவற்றில் எதுவும் பிறக்கிற வெப்பத்தில் ஒரு ஜூலைக்கூடக் குறைப்பதில்லை. அதை முடிவு செய்வது எடையும் வேகமும். பெரிய டிஸ்க், இரும்பின் நிறை கூடுவதால், அதே வெப்பத்தைக் குறைந்த சூட்டில் தாங்குகிறது. பந்தய பேட் அதிகச் சூட்டிலும் பிடிமானம் இழப்பதில்லை. ஆனால் குளிர்ந்த நிலையில் பல வகைகள் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு ஏற்றவையல்ல. பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே செருகும் டைட்டானியம் தகடு வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஆயிலைக் காக்கிறது. தடுக்கப்பட்ட வெப்பம் பேட்டிலும் டிஸ்க்கிலும் தங்குகிறது. ஒரு பாகத்தைக் காப்பாற்றினால் இன்னொன்று சுமக்க வேண்டும்.

வெப்பத்தை வண்டியை விட்டே வெளியேற்ற உதவுவது காற்றுக்குழாய். முன் பம்பரில் பனிமூட்ட விளக்கு இருக்கும் இடத்திலிருந்து 63 அல்லது 75 மில்லிமீட்டர் குழாய் ஒன்று சக்கரத்தின் உள்பக்கத் தகடுவரை போகிறது. அது காற்றை எங்கே விடுகிறது என்பதில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. காற்றோட்ட டிஸ்க் என்பது இரண்டு வட்டத் தகடுகளும் இடையே குறுக்குச் சுவர்களும் கொண்டது. சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே தானாகவே வெளியே தள்ளும். எனவே குழாயின் வாய் டிஸ்க்கின் நடுப்பகுதியை நோக்க வேண்டும். ஒரு முகத்தின் மேல் மட்டும் ஊதினால் ஒரு பக்கம் ஆறி, மறுபக்கம் கொதித்து, டிஸ்க் கோணலாகும், விரிசலும் விடலாம்.

வெளியேறிய வெப்பம் காற்றில் கலக்கிறது. முழு வேகத்திலிருந்து நின்ற வண்டியின் 13 லட்சம் ஜூல் 1,000 கன மீட்டர் காற்றை ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாக்கும். கணக்கில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அந்த இளஞ்சூட்டுக் காற்றைத் திரட்டி வண்டியை மறுபடி 160இல் ஓட்ட முடியாது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852இல் இதை இயற்கையின் பொதுப்போக்காக எடுத்துரைத்தார். மின்சாரக் கார் பிரேக் பிடிக்கையில் இயக்கத்தின் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்புகிறதே என்றால், அது வெப்பமாவதற்கு முன்பே பிடித்துக்கொள்வதால்தான் இயல்கிறது. லைப்னிட்ஸின் சில்லறை கைமாறிய பிறகு பெரிய பணமாகத் திரும்புவதில்லை. அளவு காக்கப்படுகிறது என்பதில் லைப்னிட்ஸ் சரி. உலகில் ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டே வருகிறது என்பதில் நியூட்டனும் தவறவில்லை.

சமயக் கேள்வி இதனால் பாதிதான் தீர்கிறது. அழிக்கும் வல்லமை படைத்தவனுக்கு மட்டுமே உரியது என்று ஜூல் நம்பினார். அந்த நம்பிக்கை அவரைச் சரியான இடத்தில் தேட வைத்தது. அதே போன்ற நம்பிக்கையிலிருந்து தொடங்கிய டேக்கார்ட், காக்கப்படும் அளவு எது என்பதில் தவறினார். கடவுளின் இயல்பிலிருந்து ஏதோ ஒன்று மாறாது என்று ஊகிக்கலாம். மாறாதது எது என்பதை வெப்பமானிதான் சொன்னது. கடவுள் உலகைத் தொடர்ந்து தாங்குகிறார் என்பதில் லைப்னிட்ஸும் கிளார்க்கும் வேறுபடவே இல்லை. திருத்துகிறாரா என்பதில்தான் வேறுபட்டார்கள். ஆற்றலின் அளவைப் பொறுத்தவரை திருத்தம் தேவையில்லை. அதன் பயன் தேய்வது வேறு விஷயம். உலகுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு என்ற தன் கிறித்தவ நம்பிக்கையோடு அந்தத் தேய்மானம் இசைந்துபோவதாகத் தாம்சன் கண்டார்; அதே தேய்மானத்தில் கடவுளுக்கு இடமே இல்லை என்று கண்டவர்களும் இருந்தார்கள். ஆற்றல் விதி தன் காலில் நிற்கிறதா, ஒருவரால் தாங்கப்படுகிறதா என்பது டிஸ்க்கின் சூட்டை அளந்து அறியக்கூடியது அல்ல.