தரைக்கடையும் தருமமும்

பழைய சந்தை ஒன்றை உள்ளாட்சி அமைப்பு புதுப்பிக்க முன்வரும்போது எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றைப் பொறியாளரும் கணக்கரும் தீர்த்துவிடலாம். எத்தனை கடை, எவ்வளவு வாடகை, மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பவை அந்த ரகம். அவர்கள் கையில் அடங்காத கேள்வி ஒன்று உண்டு. வெறுந்தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இடத்தின்மேல் என்ன பாத்தியதை? அவரிடம் பட்டா இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை. அன்றைக்குக் கட்டிய தரைவாடகைக்கான துண்டுச்சீட்டு மட்டும் இருக்கும். பார்வைக்குச் சட்டக் கேள்வியாகத் தெரிந்தாலும் இது அறத்தைப் பற்றிய கேள்விதான்.

நாஞ்சில் நாட்டில் சந்தைகள் உள்ளாட்சிகளுக்கு மூத்தவை. நாகர்கோவில் மாநகராட்சி ஆனது 2019இல். அதன் ஒரு பகுதியான கோட்டாறோ, தாலமி எழுதிவைத்த கொட்டியாராவாக அறியப்படும் வணிக ஊர்; முதலாம் குலோத்துங்கன் நிலைப்படை நிறுத்திய இடம். திங்கள்சந்தையும் வெள்ளிச்சந்தையும் சந்தை கூடிய கிழமையால் பெயர் பெற்று, பிறகு ஊரானவை. ஆகவே சந்தையை உள்ளாட்சி உண்டாக்கியது என்ற எண்ணத்திலிருந்து தொடங்கினால் விடை பிழையாகவே வரும். கூடுகிற கூட்டத்துக்கு அது காவலும் கணக்கும் ஏற்றது, அவ்வளவே. காவலுக்குக் கூலி கேட்கலாம்; யார் கூடலாம் என்று தீர்மானிக்கும் உரிமையும் அதனோடு சேர்ந்து வருகிறதா என்பதே விவாதம்.

பழைய தருமம் இதில் எங்கே கவனம் வைத்தது என்பதற்கு நாஞ்சில் நாட்டுச் சாலையோரங்களில் இன்னும் சில இடங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் சான்று. ஆளுயரத்துக்கு நட்ட இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் கிடையாக ஒரு கல். கடவத்தைத் தலையில் ஏற்றிச் சந்தைக்கு நடக்கிறவர் குனியாமல், பிறர் கை பிடிக்காமல் சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். திரும்பத் தலைக்கு ஏற்றவும் துணை வேண்டாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் சுமையும் இறங்கட்டும் என்று குடும்பத்தார் நாட்டியவை பல. சந்தைக்கு வரும் வழியில் ஒருவர் படும் பாட்டை அளந்து, அந்த அளவுக்குக் கல் வெட்டியிருக்கிறார்கள். இன்றைய மேம்பாட்டு வரைபடங்களில் வாகன நிறுத்துமிடத்துக்குத் தவறாமல் இடம் கிடைக்கிறது; தலைச்சுமையோடு வருகிறவருக்கு அப்படி ஒரு வரியும் இருப்பதில்லை.

சந்தையை ஒழுங்கு செய்வது நல்லாட்சியின் கடமை என்பதில் எந்த மரபுக்கும் ஐயமில்லை. ஏதென்ஸ் நகரில் சரக்கின் தூய்மையைக் கண்காணிக்கச் சந்தை அதிகாரிகள் பத்துப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். திருவள்ளுவரும் வாணிகத்தின் அறத்தை நடுவு நிலைமை அதிகாரத்தில்தான் வைத்தார். கருத்து பிரிவது, ஒழுங்கு யாருக்காக என்ற இடத்தில். அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் ஏழாம் பகுதியில் இரண்டு சந்தைவெளிகளைப் பரிந்துரைக்கிறார். ஒன்று சரக்குக்கு. மற்றது தூய்மையான, கண்ணுக்கினிய வெளி. அங்கே விற்பனை கிடையாது, அதிகாரி அழைத்தாலன்றிக் கைவினைஞரும் உழவரும் நுழையக் கூடாது. நகர மையத்தை அழகுபடுத்தும் திட்டங்கள் பலவற்றின் அடியில் இந்தக் கனவு, அரிஸ்டாட்டிலைப் படிக்காதவர்கள் வரைந்ததாயினும், கிடக்கிறது.

மதீனாவைப் பற்றிய இஸ்லாமிய மரபு இதற்கு நேர் எதிர். சந்தைக்குப் பள்ளிவாசலின் விதியே பொருந்தும் என்ற தீர்ப்பு இரண்டாம் கலீபா உமரின் பெயரால் வழங்குகிறது. தொழுகைக்கு முதலில் வந்தவர் அமர்ந்த இடம், அவர் எழும்வரை அவருடையது. சந்தையிலும் முதலில் வந்தவர் விற்று முடித்து எழும்வரை அந்த இடத்துக்கு உரியவர். மறுநாள் அது யாருக்கும் சொந்தமில்லை. இதில் இடத்தின் விலை, சீக்கிரம் எழுந்து வருவது மட்டுமே. கையில் காசு இல்லாதவரும் கட்டக்கூடிய விலை அது.

சந்தை எல்லாருக்கும் திறந்தே கிடந்தது என்று பழமையைப் போற்றிவிடவும் முடியாது. நாஞ்சில் நாடு 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திரு-கொச்சியிலும் இருந்தது. அங்கே யார் எந்தச் சாலையில் நடக்கலாம், எந்தச் சந்தைக்குள் வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. தோள்சீலைக் கலகத்தின்போது, 1858-59இல், பெண்களின் மேலாடை பறிக்கப்பட்ட இடங்களில் சந்தைவெளியும் ஒன்று. 1898இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளியும் தோழர்களும் பொதுச்சாலை வழியே ஆறாலும்மூடு சந்தையை நோக்கிப் புறப்பட்டபோது பாலராமபுரத்தில் தாக்கப்பட்டார்கள். கோவில் நுழைவுக்கு 1936 வரை காத்திருக்க நேர்ந்த மக்கள், அதற்கு வெகுகாலம் முன்பே சந்தை நுழைவுக்காக அடிபட்டிருக்கிறார்கள். பொதுவெளி என்றால் என்ன என்பதைச் சந்தையில்தான் முதலில் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கேள்விக்குச் சமயத்தின் மொழியில் விடை சொன்னவர் சாமிதோப்பின் அய்யா வைகுண்டர் (1809-1851). அரசின் வரிகளை அவர் சாடினார். எல்லாச் சாதியாரும் நீர் எடுக்க முத்திரிக்கிணற்றைப் பொதுவாக்கினார். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதையே தருமம் என்று போதித்தார். இந்த இலக்கணத்தின்படி ஒரு பொது இடத்தின் மேன்மையை, கடைசியாக வந்து சேர்பவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதைக்கொண்டு அளக்க வேண்டும். தரையின் வழவழப்பும் கூரையின் உயரமும் அப்புறம்.

தரைக்கடைக்கு எதிரான வழக்கிலும் அறம் உண்டு. வடசேரி கனகமூலம் சந்தை போன்ற இடங்களில் வைப்புத்தொகையும் மாத வாடகையும் கட்டி உள்ளே கடை நடத்துகிறவர், வாசலிலேயே அதே காய்கறி விற்கப்படுவதைப் பார்த்து முறையிட்டால் அது பொறாமை ஆகாது. ஒரே சரக்குக்கு இருவேறு சுமை என்பது நடுவுநிலைக்குப் பொருந்தாது. நடைபாதையில் நடக்க முடியாத முதியவருக்கும் உரிமை இருக்கிறது. அழுகிய இலைமேல் மழைநீர் தேங்கும் சந்தையில், கழிப்பறை இல்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணை அப்படியே விட்டுவிடுவதற்குப் பாரம்பரியம் என்று பேர் வைப்பது கொடுமை. வடிகாலும் கழிப்பறையும் விளக்கும் தருமத்தின் கணக்கில்தான் சேரும்.

இரு பக்க நியாயத்தையும் இந்தியச் சட்டம் ஓரளவு உள்வாங்கியிருக்கிறது. தெருவில் வணிகம் செய்வதும் அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவு காக்கும் தொழில் உரிமை, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் சொன்னது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவரை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் அட்டவணையில் உண்டு. நாஞ்சில் நாட்டுச் சந்தைகளில் ஐம்பதைத் தாண்டாதவை எத்தனை என்று தேடத்தான் வேண்டும்.

ஆனால் சட்டம் காப்பது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை. விற்பனைச் சான்றிதழ் பெற்றவர் இறந்தால் அது மனைவிக்கோ கணவருக்கோ சார்ந்திருக்கும் பிள்ளைக்கோ போகலாம். இரக்கமுள்ள ஏற்பாடுதான், ஆயினும் அன்றன்றைக்குக் கிடைத்த இடம் இதனால் மெல்லப் பரம்பரைச் சொத்தின் சாயலை அடைகிறது. புதிய வளாகத்தில் ஷட்டர் கடைகள் ஏலத்துக்கும் மேடைகள் சான்றிதழ்தாரருக்கும் போனபின், கொல்லையில் விளைந்த மரச்சீனிக் கிழங்கையும் ஒரு தாறு மட்டிப்பழத்தையும் என்றோ ஒருநாள் கொண்டுவரும் பெண்ணுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. அவள் அன்றாட வியாபாரி அல்லள், ஆகவே கணக்கெடுப்பில் சிக்கமாட்டாள். கடை எடுக்க வசதியும் இல்லை. உமரின் பெயரால் வழங்கும் விதியில் மட்டுமே அவளுக்கு இடம் இருக்கிறது. அந்த விதிக்கு இடம் வேண்டுமானால், கட்டப்படும் ஒவ்வொரு சந்தையிலும் ஒரு பகுதித் தரை யாருக்கும் ஒதுக்கப்படாமல், ஏலத்துக்குப் போகாமல், கூரையும் வடிகாலும் மட்டும் உள்ளதாக விடப்பட வேண்டும். வருமானக் கணக்கில் அது இழப்பாகவே தெரியும்.